பட்டாசல் விளக்கும் பிடி அரிசியும்: தென்காசிச் சீமையில் வீடும் வழிபாடும்

குற்றாலநாதருக்குச் சுக்குக் கஷாயம் உண்டு. தலைக்குத் தைலமும் உண்டு. அகத்தியர் திருமாலின் திருமேனியைக் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கியபோது வந்த தலைவலி தீரத்தான் தைலம் என்று தலக்கதை சொல்லும். ஓயாமல் அருவிச் சாரல் படுகிற இடத்தில் குடியிருப்பவருக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்றுதான் கஷாயம் என்பார்கள் ஊர்க்காரர்கள். ஆனி, ஆடியில் மேலகரத்திலும் இலஞ்சியிலும் தென்காசித் தெருக்களிலும் வீட்டுக்குள் நடப்பதும் இதே காரியம்தான். அருவியில் ஆட்டம் போட்டுவிட்டு ஈரத்தலையோடு வந்த பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, தலையைத் துவட்டி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த நீரை மூக்கைப் பிடித்துக் குடிக்கவைப்பாள் தாய். தெய்வத்தை வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளக் கோயில் கற்றது வீட்டிடமிருந்துதான் என்பது என் எண்ணம்.

"பக்தியான குடும்பம்" என்று ஒரு வீட்டைச் சொல்கிறோமே, எதை வைத்துச் சொல்கிறோம்? பெண் பார்க்கப் போகிறவர்கள் இதை விசாரிப்பார்கள். வாடகைக்கு வீடு விடுபவர்கள் விசாரிப்பார்கள். வருகிற பதில் பெரும்பாலும் தெருவிலிருந்தே தெரிகிற அடையாளங்களாக இருக்கும்: நெற்றியில் திருநீறு, ஐந்து வேளைத் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் இவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம், சங்கரன்கோவிலின் ஆடித்தபசு, பண்பொழித் திருமலை முருகன், ஆய்க்குடியின் படிப்பாயசம், மூன்று மதத்தாரும் வந்து போகும் பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்கா, கிராமம்தோறும் வெள்ளையடித்த சிற்றாலயங்கள். இவையெல்லாம் போய் வருகிற இடங்கள். வழிபாடு இரவு தங்குகிற இடம் வீடு. அங்கே அது என்ன உருவத்தில் இருக்கிறது, யார் கையால் நடக்கிறது, அதற்காக யாருடைய நேரம் செலவாகிறது என்பவற்றை விசாரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நெல்லைச் சீமையின் பழைய வீடுகள் தெருவிலிருந்து உள்நோக்கி நீளும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள் போகும். பெரிய வீடுகளில்தான் பூஜைக்குத் தனி அறை. நடுத்தர வீட்டுக்குப் பட்டாசல் என்கிற கூடத்தின் சுவரில் ஒரு மாடம் போதும். அதில் விளக்கு, மேலே சுவாமி படங்கள், ஓரத்தில் இறந்துபோன தாத்தாவும் ஆச்சியும். நல்ல நாளானால் விளக்குக்குப் பக்கத்தில் நிறைநாழி வைப்பார்கள். நெல் நிரம்பிய அந்த நாழி அடுக்களைச் சாமான்; மற்ற நாளில் அரிசி அளப்பதும் அதுதான். நமது வீட்டு வழிபாட்டுப் பொருள்களில் பாதி அப்படி அடுக்களையிலிருந்து எழுந்து வந்து, பூஜை முடிந்ததும் அடுக்களைக்கே திரும்பிப் போகிறவை.

நாளின் ஓட்டத்தில் மூன்று மதத்து வீடுகளும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்யும் வேளை ஒன்று உண்டு. அந்தி. விளக்கு வைக்கிற நேரம் என்றாலே முகம் கழுவு, விளையாட்டை நிறுத்து, வீட்டைப் பெருக்காதே, கடன் கொடுக்காதே என்று ஒரு வரிசைக் கட்டளை வரும். அதே நேரத்தில் மஃரிப் பாங்கு கேட்டு, கடையநல்லூரிலும் வடகரையிலும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொழுகைப் பாயை விரிப்பார்கள். சற்றுப் பொறுத்து, பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் தொடங்கும். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், முழங்கால் ஜெபம். பாடுகிற கீர்த்தனைகள் பலவற்றை எழுதியவர் நெல்லைச் சீமையிலேயே 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். தென்காசியின் தெரு ஒன்றில் அந்திப்பொழுதில் நடந்து போகிறவருக்கு இந்த மூன்று ஒலியும் பத்து நிமிட இடைவெளியில் காதில் விழக்கூடும். விளக்கு ஒரு நிமிடத்தில் எரிந்துவிடும். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கை, திரி திரித்த கை, எண்ணெய் வாங்கக் காசு ஒதுக்கிய கை என்று பல கைகள் அதில் இருக்கின்றன.

ஆயினும் வீட்டு வழிபாட்டின் உயிர்நிலை எது என்று என்னைக் கேட்டால் விளக்கைச் சொல்லமாட்டேன். பிடி அரிசியைச் சொல்வேன்.

உலையில் போட அரிசியை அளந்த பிறகு, களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு பானையில் போடுவது. இதைவிடச் சின்னச் சடங்கு எந்த மதத்திலும் இருக்க முடியாது. மந்திரம் இல்லை, நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை, செலவு கண்ணுக்கே தெரியாது. திருநெல்வேலித் திருச்சபைகளில் இது கைப்பிடி அரிசிக் காணிக்கை. பெண்கள் வீட்டில் சேர்த்த அரிசியை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். முதலில் காய்த்த பூசணி, முதலில் இட்ட முட்டை, ஒரு சேவல் என்று காணிக்கையாக வருகிற பொருள்களை ஏலம் விடுகிற வழக்கமும் இங்கே பழையது. இப்படி வீட்டுக்குள்ளிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த சிறுகாணிக்கைகளில் வளர்ந்தவை இந்தத் திருச்சபைகள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் உள்ளூர்க் காணிக்கையிலேயே நடப்பது என்று முடிவெடுக்கும் துணிச்சல் அந்தப் பழக்கம் இருந்த மண்ணில்தான் வர முடியும். அச்சங்கத்தின் முதல் செயலாளரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். சங்கத்தின் ஊழியக் களமான தோர்ணக்கல்லுக்கு அவர் ரயிலேறிய கதையை எழுதுகிறவர்கள், அதன் அடியில் கிடக்கும் அரிசிப் பானையையும் சேர்த்து எழுத வேண்டும்.

காஞ்சி மகாபெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் அமைப்பில் இதுவேதான். தினம் ஒரு பிடி அரிசியும் சில்லறைக் காசும் வீட்டில் ஒதுக்கி, வாரம் ஒருமுறை சேகரித்து, பகுதியிலுள்ள கோயிலில் சமைத்துச் சுவாமிக்குப் படைத்து, ஏழைகளுக்குக் கொடுப்பது. இஸ்லாமிய வீட்டில் இதே கணக்கு ரமலான் முடிவில் சதக்கத்துல் ஃபித்ராக வரும். பெருநாள் தொழுகைக்கு முன்பாக, வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும், அன்று பிறந்த குழந்தைக்கும்கூட, ஒரு ஸாவு அளவு தானியம் ஏழைக்குப் போய்ச்சேர வேண்டும். நம் பக்கத்தில் அதைத் தலைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசியாகக் கணக்கிடுவார்கள். எந்த ஏழையும் பெருநாளன்று பசித்திருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். யூதக் குடும்பங்களில் பெண்கள் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு சிறு உருண்டையைக் கிள்ளித் தனியே எடுத்துவிடுகிறார்கள். ஹல்லா என்று அதற்குப் பெயர். கடல் கடந்த தேசத்தில், கோதுமை மாவில், அதே கை அசைவு.

இவை எல்லாவற்றிலும் ஒரே இலக்கணம்: தான் உண்பதற்கு முன் பிறர் பங்கை எடுத்துவைப்பது. மீந்ததைக் கொடுப்பது இதில் சேராது. முதல் சோற்றைக் காக்கைக்கு வைக்கும் இந்து வீட்டின் வழக்கமும் அதே இலக்கணத்தில் அமைந்ததுதான். இல்வாழ்க்கை பேசும் திருக்குறள் முன்னோரையும் தெய்வத்தையும் விருந்தினரையும் சுற்றத்தையும் சொல்லிவிட்டு, தன்னை ஐந்தாவதாக, கடைசியில்தான் வைக்கிறது. துறவுக்குப் போகாமல், அடுப்பும் அரிசியும் பிள்ளை அழுகையுமாக இருந்துகொண்டே அறம் செய்ய முடியும் என்று நமது மரபு உறுதியாக நம்பியது. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் கதையை இந்த இடத்தில் திரும்பப் படிக்க வேண்டும். மழை இரவில் அடியார் வந்து நிற்கிறார், வீட்டில் மணி அரிசி இல்லை. அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வரலாமே என்று வழி சொன்னவர் மாறனார் அல்லர், அவர் மனைவி. நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியவரும், கொல்லைக் குழியில் பறித்த கீரையை வகைவகையாகச் சமைத்தவரும் அவரே. நாயன்மார் வரிசையில் இடம் கணவருக்குக் கிடைத்தது. அந்த அம்மையாருக்குப் புராணத்தில் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

கடையம் நமது மாவட்டத்தில் இருப்பதால் பாரதியின் மனைவி செல்லம்மாளையும் சொல்லத்தான் வேண்டும். பாரதி 1918 இறுதியில் புதுச்சேரியை விட்டு வந்தபின் மனைவியின் ஊரான கடையத்தில்தான் 1920 வரை இருந்தார். அதற்கு முன் புதுச்சேரியில், உலைக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அது உயர்ந்த செயல்தான். ஆனால் பிடி அரிசியை ஒதுக்குகிற கைக்கு, மீதி அரிசி குடும்பத்துக்குப் போதுமா என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மதியம் உலையில் என்ன போடுவது என்ற கணக்கு செல்லம்மாளுடையது.

இந்தக் கணக்கைப் பெண்பிள்ளைகளுக்கு நம் ஊர் எப்படிக் கற்றுக்கொடுத்தது என்பதற்குச் சிறுவீட்டுப் பொங்கலே சாட்சி. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். மறுநாள் அந்தப் பூவையும் சாணத்தையும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். வாசலிலோ முற்றத்திலோ களிமண்ணில் ஒரு சின்ன வீடு எழும். தை பிறந்தபின் ஒருநாள் அந்தச் சிறுவீட்டு வாசலில் சிறு பானையில் பொங்கல் பொங்கும். பூவரட்டிகளையும் பொங்கலையும் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். தென்காசிக்காரருக்கு ஆறென்றால் சிற்றாறு. எனக்கு இது நமது பண்டிகைகளிலேயே மிக அழகானது. வீடு கட்டுவது, அடுப்பு மூட்டுவது, படைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவது என்று முழு இல்லறத்தையும் எட்டு வயதுக்கு ஏற்ற அளவில் செய்து பார்க்கும் விழா. அதில் பையன்களுக்கு வேலை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் தங்களுக்கென்றே வைத்துக்கொண்ட வழிபாடும் இங்கே உண்டு. தை, மாசி, ஆடிச் செவ்வாய்களில் இரவு பிந்தி நடக்கும் ஔவையார் நோன்பு. தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி என்பார்கள். உப்பில்லாத கொழுக்கட்டை. பூசாரி கிடையாது. ஆண்பிள்ளை அங்கே வரக் கூடாது. பாலகன்கூடப் பார்க்கக் கூடாது. அந்தக் கதவுக்குள் என்ன கதை சொல்லப்படுகிறது என்று கேட்டால், "அது பொம்பளையாளுக விஷயம்" என்று ஆச்சிமார் வாயடைத்துவிடுவார்கள். ஆகம விதிகளோ அர்ச்சகரோ இல்லாமல், கேள்வியறிவாலேயே தலைமுறை தாண்டி வந்த முழுமையான வழிபாடு அது. நம் சமய வரலாறுகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு அளவு இடமே கிடைத்திருக்கிறது.

இனி நேரக் கணக்கு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஒருநாளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். ஈடுபட்டவர்களுக்குள்ளும் பெண் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அதே கணக்கெடுப்பில் வழிபாட்டுக்குத் தனிக் கட்டம் உண்டு. விளக்கு ஏற்றும் ஒரு நிமிடத்தை அதில் எழுதிவிடலாம். விளக்குத் தேய்க்கும் அரைமணியை எதில் எழுதுவது? ஸஹருக்காக மூன்று மணிக்கு எழுந்து எல்லாருக்கும் சமைத்துவிட்டுத் தான் கடைசி நிமிடத்தில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு நோன்பு வைக்கும் தாயின் அந்த ஒரு மணி வீட்டுவேலையா, வணக்கமா? சஷ்டி விரதம் இருந்துகொண்டே வீட்டில் மற்றவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவருக்கு, ஜெபக்கூட்டத்துக்கு வந்த முப்பது பேருக்குத் தேநீர் போட்டுக்கொண்டே அடுக்களையிலிருந்து செய்தி கேட்கிறவருக்கு, எந்தக் கட்டம் பொருந்தும்? பக்தியும் உழைப்பும் இவர்களிடம் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அதனாலேயே அந்த உழைப்பு எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு வேலையும் மடியிலேயே இருக்கிறது. கடையம், முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரத்தில் பீடித்தட்டு இல்லாத தெரு அரிது. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணிக்கை முடித்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உலை ஒருபக்கம் கொதிக்க, பிள்ளை ஒருபக்கம் படிக்க, கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் கொடைக்கு வரி கொடுக்கவும், பெருநாளுக்குத் துணி எடுக்கவும், கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடிக்கவும் பல வீடுகளில் காசு வந்தது அந்தத் தட்டிலிருந்துதான். ஆண்டு முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசித்துச் சம்பாதித்த அந்தக் காசில்தான் பல வீடுகளின் பண்டிகை நடந்திருக்கிறது. இதைப் பெருமையாக மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

குற்றாலத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. சீசன் விருந்தாளிகள். ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால், பத்து வருடம் எட்டிப் பார்க்காத சொந்தங்களுக்கும் நம் வீட்டு முகவரி நினைவுக்கு வந்துவிடும். அருவியில் குளித்தவர்களின் பசி சாதாரணப் பசி இல்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். கவிதையும் சாப்பாடும் கலந்த அந்த விருந்தோம்பல் தமிழிலக்கிய வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது. அத்தனை இலை விழுந்த வீட்டில் அத்தனை இலைக்கும் அடுக்களையில் கைகள் இருந்திருக்கும் என்பது தனியே சொல்லாமலே விளங்கும்.

வழிபாட்டு வீட்டின் கதவு சிலரை வெளியில் நிறுத்தவும் செய்தது. தூரம், தீட்டு என்று சொல்லி வயதுக்கு வந்த பெண்ணை மூன்று நாள் விளக்கண்டை விடாத வழக்கம் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது. தீட்டு என்கிற அதே சொல் தெருவுக்கு இறங்கியபோது சாதியாக நின்றது. பிடி அரிசி எடுத்துவைத்த அதே அடுக்களை, வயலில் அந்த நெல்லை விளைவித்தவரைப் புறவாசலுக்கு அப்பால் நிறுத்தியது. 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தேசமே திரும்பிப் பார்த்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் என்று பலர் பேசினார்கள். சாதி இழிவிலிருந்து விடுபடவே மாறினோம் என்று அந்த மக்கள் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. அங்கே ஒரே குடும்பத்தின் கிளைகள் சில மதம் மாறின, சில மாறவில்லை. உறவு முறை தொடர்ந்தது. மதம் மாறினால் பெயர் ஒரு நாளில் மாறிவிடும். பண்டிகை நாள், சமையல், இறந்தவரை நினைக்கும் முறை என்று வீட்டுக்குள் மாறுவதற்கு வருஷங்கள் ஆகும். அந்த மாற்றத்தையும் நாள்தோறும் நடத்திக்காட்டியவர்கள் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். பக்தியான குடும்பங்கள் நிறைந்த சீமை என்று நாம் பெருமைப்படும்போதெல்லாம் மீனாட்சிபுரம் நம்மைக் கேட்கிற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஊரை விட்டுப் போனவர்களும் வீட்டு வழிபாட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் 1946இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவின. மார்க்கமும் தமிழும் பிள்ளைகளுக்கு ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்ற கவலை அது. சென்னை அடுக்ககத்துக் குடும்பத்துக்குப் பட்டாசல் மாடம் இல்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. ஆனாலும் பங்குனி உத்திரம் வந்தால் ரயிலில் இடம் கிடைப்பதில்லை. தலைமுறைகளுக்கு முன் விட்டுப்போன குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தா எந்தக் குளக்கரையில் இருக்கிறார் என்று தேடி வந்து பொங்கல் வைக்கிறது.

தென்காசியின் பெரிய கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு விசித்திரமான வேண்டுகோளைக் கல்லில் வெட்டிவைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பம் செய்கிறவர்கள் எவரோ, அவர்களை இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கட்டியவன் பராமரிப்பவரை வணங்குகிறான். அவன் பயந்தபடியே கோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் அப்படியே நின்று, 1990இல்தான் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. கட்டுவது ஒருமுறை, காப்பது தினந்தோறும் என்பது அரசனுக்குத் தெரிந்திருந்தது. நமது வீட்டுத் தலைவர்களில் எத்தனை பேர் அதை உணர்ந்து, விளக்குத் தேய்த்த கையை ஒருமுறையாவது கும்பிட்டிருப்பார்கள்?

கும்பிடுவதைவிட எளிய வழியும் இருக்கிறது. அது நமது ஊரிலேயே இருக்கிறது. அசனப் பண்டிகையன்று ஆலய வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பது ஆண்கள். ரமலானில் பள்ளிவாசல் முற்றத்தில் பிற்பகல் முழுவதும் நின்று நோன்புக் கஞ்சி கிண்டுவது ஆண்கள். கோயில் மடைப்பள்ளியில் வேர்த்து விறுவிறுத்து நைவேத்தியம் சமைப்பது ஆண்கள். தெய்வத்துக்கும் ஊருக்கும் சமைக்க ஆண் கை வணங்குகிறது. வீட்டு வாசற்படி தாண்டியதும்தான் அந்தக் கைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாமல் போகிறது. இதற்கு எந்த வேதத்திலும் விதி கிடையாது. மூன்று மதத்து வீடுகளிலும் பழகிப்போன வழக்கம், அவ்வளவுதான். மாற்றுவதற்கு மதத் தலைவர் எவருடைய அனுமதியும் வேண்டாம்.

குற்றாலநாதருக்குச் சுக்குக் கஷாயம் காய்ச்சுவதும் ஓர் ஆண் கைதான். வருகிற ஆடியில், சாரல் விடாமல் பெய்கிற ஓர் இரவில், அருவியிலிருந்து நனைந்து வந்து பட்டாசலில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் அப்பா எழுந்துபோய்ச் சுக்கு தட்டட்டும். அம்மா அந்த நேரம் விளக்குக்கு முன்னால் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.